பார்வைக்கா, ஒப்புதலுக்கா? பெற்றோர் சங்க அறிவிப்புகளும் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு வந்து படிப்பவர்களுக்கும் விளங்கும். உங்கள் பள்ளிக்கு இந்த ஆண்டு புதிய தலைமை ஆசிரியர் வந்திருக்கிறார். பெற்றோர் சங்கத்திலிருந்து எது வெளியே போனாலும், வாட்ஸ்அப் செய்தி உட்பட, தமது ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். சென்ற மாதம் புத்தகக் கண்காட்சிக்கான அறிவிப்பை அவருக்கு அனுப்பினீர்கள். ஒன்பது நாள் பதில் இல்லை. ஒப்புதல் வந்தபோது கண்காட்சியே முடிந்துவிட்டது. செயற்குழுவில் பாதிப் பேர் "நாம் தனி அமைப்பு, எதற்காகக் கேட்க வேண்டும்?" என்கிறார்கள். மறுபாதியோ, "வம்பு எதற்கு, எழுதுவதையே நிறுத்திவிடலாம்" என்கிறார்கள். செயலாளராகிய நீங்கள் வரும் வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியரைச் சந்திக்க இருக்கிறீர்கள். அங்கே என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆறு ஆண்டுகள் இதே செயலாளர் பொறுப்பில் இருந்தவன். பின்னர் வேறொரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் அமர்ந்து, இதே வகை அறிவிப்புகளை மேசையின் மறுபக்கத்திலிருந்தும் பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் செயற்குழுவின் இரு பாதிகளும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. எல்லா எழுத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, "ஒப்புதல் வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்கிறார்கள். தலைமை ஆசிரியரும் அதே கட்டைத்தான் கையில் பிடித்திருக்கிறார். நம் அலுவலகங்களில் ஒரு தாள் மேசைக்குப் போகும்போது "தங்கள் பார்வைக்கு" என்று எழுதி அனுப்புவதும் உண்டு, "தங்கள் ஒப்புதலுக்கு" என்று எழுதி அனுப்புவதும் உண்டு. முதலாவது, இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிவிப்பது. இரண்டாவது, உங்கள் கையெழுத்து இல்லாமல் இது நகராது என்று ஒப்புக்கொள்வது. எது எந்த வகை என்பதை வரைவு எழுதுவதற்கு முன்பே இரு தரப்பும் பிரித்துக்கொண்டால், உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அப்போதே தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமைச் சந்திப்பில் நீங்கள் பேச வேண்டியது இந்தப் பிரிவினையைப் பற்றித்தான்.

அதற்கு முன், தலைமை ஆசிரியர் ஏன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறார் என்பதை அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அதிகார ஆசை என்று செயற்குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காரணம் தொலைபேசி. பெற்றோர் சங்கம் எதை எழுதினாலும் மணி அடிப்பது பள்ளி அலுவலகத்தில்தான். நான் செயலாளராக இருந்தபோது, செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் மாலை 3.30 மணிக்கு ஓவியப் பயிற்சி என்று ஓர் அறிவிப்பு அனுப்பினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தேர்வு காரணமாகப் பள்ளி பகல் 12.45-க்கே முடிந்துவிடும் என்பது பள்ளி நாட்காட்டியில் தெளிவாக இருந்தது, நான் பார்க்கவில்லை. பதினேழு பிள்ளைகள் இரண்டே முக்கால் மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலக உதவியாளர் சாப்பிடக்கூடப் போகாமல் அவர்களுக்குக் காவல் இருந்தார். அந்த அறிவிப்பில் பள்ளியின் பெயரே இல்லை, சங்கத்தின் பெயர்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலைவரை பெற்றோருக்குப் பதில் சொன்னது பள்ளி. தலைமை ஆசிரியர் அரை நிமிடம் பார்த்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய பிழை அது. நடையும் கருத்தும் எப்படி இருந்தாலும், நாள், நேரம், இடம், பொறுப்பாளர் ஆகிய நான்கையும் பள்ளியின் பக்கத்திலிருந்து ஒருவர் சரிபார்ப்பது நமக்கே நல்லது. இதை நீங்களாகவே முதலில் சொல்லிவிட்டால், சந்திப்பின் சூடு பாதி தணிந்துவிடும்.

இனி பிரிவினைக்கு வருகிறேன். ஒரு செய்தி மூன்று இடங்களில் பள்ளியைத் தொடலாம்: பள்ளியின் வழி, பள்ளியின் பெயர், பள்ளியின் பிள்ளைகள். இம்மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் அது "ஒப்புதலுக்கு" போக வேண்டும் என்பது என் கருத்து. எதையும் தொடாவிட்டால் "பார்வைக்கு" போதும். சிலவற்றுக்கு அதுவும் தேவையில்லை.

வழி என்பது, பிள்ளைகளின் பையில் வீட்டுக்குப் போகும் தாள், பள்ளியின் செயலி, பள்ளியின் குறுஞ்செய்தி, வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகை, பள்ளியின் மின்னஞ்சல் பட்டியல் ஆகியவை. இவை பள்ளியின் உடைமை. பயன்படுத்துபவர் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரையிலும் போயிருக்கிறது. இந்தியானா மாநிலத்தில் பெர்ரி டவுன்ஷிப் என்ற இடத்துப் பள்ளிகளில், ஆசிரியர்களுக்கான அஞ்சல் பெட்டிகளை அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு மட்டும் திறந்துவிட்டு, போட்டிச் சங்கத்துக்கு மறுத்தார்கள். 1983-இல் அந்த வழக்கு 5-4 என்ற கணக்கில் பள்ளிகளின் பக்கம் தீர்ந்தது. பள்ளியின் அஞ்சல் பெட்டி ஒரு நோக்கத்துக்காக வைக்கப்பட்டது, அது பொதுச் சதுக்கம் ஆகாது, ஆகவே நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் இருக்கிறது: ஒரு கருத்து தமக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை அடக்க அந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தக் கூடாது. அது அந்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான சட்டம், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. "பள்ளி நிகழ்ச்சிகள் தொடர்பானவை மட்டுமே பள்ளிச் செயலியில் போகலாம்" என்று தலைமை ஆசிரியர் சொன்னால், அது எல்லோருக்கும் ஒரே மாதிரியான விதி, ஏற்றுக்கொள்ளுங்கள். பாராட்டு மடல் மறுநாளே போய், கேள்வி கேட்கும் மடல் மட்டும் மேசையில் தங்குகிறது என்றால், அப்போது நீங்கள் பேச வேண்டிய விஷயமே வேறு.

பெயர் என்பது பள்ளியின் சின்னம், கடிதத்தாள், தலைமை ஆசிரியரின் கையொப்பம், ஆசிரியர்களின் பெயர்கள். சங்கத்தின் பெயரில் பள்ளியின் பெயரும் சேர்ந்திருப்பதால் பெற்றோர் பலருக்கு வேறுபாடு தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலேயே "பெற்றோர் சங்கத்திலிருந்து" என்று எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கடைசி வரியில் எழுதினால் யாரும் அதுவரை படிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் அதை வேறு குழுவுக்கு முன்னனுப்பும்போது எங்கிருந்து வந்தது என்ற அடையாளமும் போய்விடுகிறது. இந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு 2024 மார்ச் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த இரண்டு வழக்குகளைப் பார்க்கலாம். ஒன்று, கலிஃபோர்னியாவில் பள்ளி வாரிய உறுப்பினர்கள் இருவர் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் பெற்றோரைத் தடைசெய்தது பற்றியது. மற்றொன்று, மிச்சிகன் மாநிலத்து நகராட்சி அலுவலர் ஒருவரின் முகநூல் பக்கம் பற்றியது. இரண்டிலும் அடிப்படைக் கேள்வி, "இந்தப் பக்கத்தில் பேசுவது தனி மனிதரா, பதவியா?" என்பதுதான். பக்கத்தின் மேலேயே "இது என் தனிப்பட்ட பக்கம்" என்று எழுதியிருந்தால், அது தனிப்பட்டது என்ற அனுமானத்துக்கு அதுவே பெரும் வலுச் சேர்த்திருக்கும் என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. ஒரு வரி எழுதாததால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்று சொன்னால் மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

மூன்றாவதான பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பிள்ளையின் படம், பெயர், வகுப்பு, மதிப்பெண், பேருந்துத் தடம், உடல்நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் பள்ளியின் ஒப்புதலும் அந்தப் பிள்ளையின் பெற்றோரின் சம்மதமும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. எங்கள் சங்கம் ஒருமுறை ஓட்டப் பந்தயத்தில் வென்ற பிள்ளைகளின் படத்தைப் பெயர்களோடு செய்திமடலில் போட வடிவமைத்து வைத்திருந்தது. அழகான படம். தலைமை ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்து, "இந்தப் பிள்ளை இந்தப் பள்ளியில் படிப்பது சிலருக்குத் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டு, முகவரி மறைத்து வாழும் குடும்பங்கள் உண்டு. அந்தச் செய்தி பள்ளிக் கோப்பில்தான் இருக்கும், சங்கத்துக்குத் தெரிய வழியே இல்லை. எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் இந்த வகைப் பிழையை நம்மால் தவிர்க்க முடியாது என்பதால்தான் இதில் முன்கூட்டிய ஒப்புதலை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன்.

சட்டங்களும் இதே திசையில்தான் போகின்றன. குழந்தையின் தனிமையில் முறையற்ற தலையீடு கூடாது என்பது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு. அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டத்தின்படி, பெயர், தொலைபேசி எண் போன்ற அடிப்படை விவரங்களை வெளியிடுவதற்குக்கூடப் பள்ளி முன்னதாக அறிவித்து, வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு அவகாசம் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவும் வருகிறது: "எல்லாப் பெற்றோரின் எண்களையும் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்டு, அலுவலகம் மறுத்தால், அதை ஒத்துழையாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்க்கையின்போதே "என் எண்ணைப் பெற்றோர் சங்கத்துக்குத் தரலாம்" என்ற ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எண்கள் கொஞ்சம் மெதுவாகச் சேரும். ஆனால் அவை உங்களுடையவை. மின்னஞ்சலில் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பும் தவறைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இம்மூன்றையும் தொடாத செய்திகள் எவை? செயற்குழுக் கூட்ட அழைப்பு, சங்கத்தின் வரவு செலவு அறிக்கை, சங்கத் தேர்தல், தன்னார்வலர் பட்டியல், பெற்றோர் தங்களுக்குள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு. இவற்றுக்கு ஒப்புதல் கேட்பது தவறான முன்மாதிரி. தலைமை ஆசிரியர் பேருந்து நேரம் பற்றிப் பெற்றோர் பேசிக்கொள்வதற்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், நாளை அந்தக் குழுவில் யாரோ ஒருவர் எழுதும் வதந்திக்கும் அவரே பொறுப்பாவார். இதை அவரிடம் அவருடைய நலன் கருதியே சொல்லலாம்: "நீங்கள் ஒப்புதல் கொடுத்தால் அது உங்கள் சொல்லாகிவிடும். இந்தக் குழுவில் வருவதெல்லாம் உங்கள் சொல்லாக இருப்பதை நீங்கள் விரும்புவீர்களா?" விவரமறிந்த எந்தத் தலைமை ஆசிரியரும் இந்தக் கேள்விக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவைத் தம் பட்டியலிலிருந்து தாமே எடுத்துவிடுவார் என்பது என் நம்பிக்கை. பதிலுக்கு நீங்கள் ஒன்று தர வேண்டும். அந்தக் குழுவில் ஆசிரியரையோ பிள்ளையையோ பெயர் சொல்லிக் குறை கூறும் செய்தி வந்தால் நிர்வாகிகள் நீக்கிவிடுவார்கள் என்ற உறுதியை எழுத்தில் கொடுங்கள்.

இடையில் ஒன்று. உங்கள் சங்கத்தின் விதிமுறைகளை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்; "நாம் தனி அமைப்பு" என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பது அங்கேதான் இருக்கிறது. சில சங்கங்களில் தலைமை ஆசிரியர் பதவி வழியிலேயே தலைவராகவோ உறுப்பினராகவோ இருப்பார். அப்படியானால் அவர் வெளியிலிருந்து தணிக்கை செய்பவர் ஆக மாட்டார், உங்களில் ஒருவர். இங்கிலாந்தில் பல சங்கங்கள் தனி அறக்கட்டளைகளாகவே பதிவாகியிருக்கின்றன. அங்கே சங்கத்தின் சொல்லுக்கு அறங்காவலர்களே பொறுப்பு. இந்திய அரசுப் பள்ளிகளில் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவோ முற்றிலும் வேறு. அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும், பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதே அதன் வேலை. கண்காணிக்கும் குழுவின் தீர்மானத்தைக் கண்காணிக்கப்படுபவர் திருத்திக் கொடுப்பது பொருந்தாது. உங்கள் சங்கம் இவற்றில் எது என்று தெரியாமல் உரிமை பேசினால், முதல் கேள்வியிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது காலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அந்த ஒன்பது நாள்தான். தலைமை ஆசிரியர் அறிவிப்பை மறுக்கவில்லை, ஒரு சொல்லையும் வெட்டவில்லை. ஆனாலும் அறிவிப்பு செத்துப்போனது. ஒப்புதல் முறைகள் பெரும்பாலும் முரண்பாட்டால் உடைவதில்லை, தாமதத்தால்தான் உடைகின்றன.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, பெற்றோர் சங்கம் பற்றியது இல்லை என்றாலும், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் பள்ளி வழக்கு. 1983 மே மாதம், மாணவர்கள் நடத்திய ஆறு பக்கப் பள்ளிச் செய்தித்தாளின் மெய்ப்பு (அச்சிடுவதற்கு முன் சரிபார்க்கும் படி), வெளியாவதற்கு மூன்று நாள் முன்பு தலைமை ஆசிரியரிடம் வந்தது. பொறுப்பாசிரியரோ சில நாள்களுக்கு முன்புதான் மாறியிருந்தார். இரண்டு கட்டுரைகள் தலைமை ஆசிரியருக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று, கருவுற்ற மாணவியர் பற்றியது. பெயர்களை மாற்றியிருந்தாலும் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் அஞ்சினார். மற்றொன்று, பெற்றோரின் மணமுறிவு பற்றியது. குறை சொல்லப்பட்ட தந்தைக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை. இவை அற்பக் காரணங்கள் இல்லை; ஒரு வாரம் இருந்திருந்தால் உட்கார்ந்து பேசித் திருத்தியிருக்கலாம். ஆனால் பள்ளி ஆண்டு முடியப்போகிறது, திருத்தி அச்சிட நேரமில்லை என்று கருதிய அவர், அக்கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களையும் முழுதாக எடுத்துவிடச் சொன்னார். அதே பக்கங்களில் இருந்த, அவருக்கு எந்த மறுப்பும் இல்லாத மற்றக் கட்டுரைகளும் சேர்ந்தே போயின. ஏறக்குறைய ஐந்தாண்டு வழக்காடலுக்குப் பிறகு 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-3 என்று பள்ளிக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாடத்தின் பகுதியாக நடந்த மாணவர் இதழுக்கான தீர்ப்பு அது; பெற்றோர் சங்கத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மூன்று நாள் முன்பு மெய்ப்பைக் கொண்டுபோய் நீட்டுபவர்கள் எல்லோரும் அந்த இரண்டு பக்கங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். நேரம் இல்லாதவரால் திருத்த முடியாது, வெட்டத்தான் முடியும்.

ஆகவே காலக்கெடு இரு பக்கத்தையும் கட்ட வேண்டும். வெளியிடும் நாளுக்கு ஐந்து வேலை நாள் முன்பு நீங்கள் வரைவைக் கொடுப்பீர்கள். இரண்டு வேலை நாளில் அவர் பதில் சொல்வார். அவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் துணைத் தலைமை ஆசிரியரோ அவர் குறிப்பிடும் ஒருவரோ பார்ப்பார். இது சிறு விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதித் தாமதம் "தலைமை ஆசிரியர் வெளியே போயிருக்கிறார்" என்பதில்தான் பிறக்கிறது. இரண்டு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூட்ட நினைவூட்டல், சென்ற ஆண்டு போன அதே அறிவிப்பு ஆகியவற்றுக்குக் கொள்ளலாம்; அதையும் அவரே எழுத்தில் ஏற்றிருந்தால் மட்டும். பிள்ளைகளின் விவரமோ பணமோ சம்பந்தப்பட்டால் மௌனத்தை ஒருபோதும் சம்மதமாகக் கொள்ள வேண்டாம். நேரில் போய்க் கேளுங்கள். ஒரே ஒரு வதந்தி வழி தவறிப் பரவுவதை நிறுத்த ஒரு மணி நேரத்தில் செய்தி அனுப்ப வேண்டியிருக்கும் நாளும் வரும். அதற்கு ஒரு கைப்பேசி எண்ணையும், தலைமை ஆசிரியர் முன்னதாகவே பார்த்து வைத்த இரண்டு மூன்று மாதிரிச் செய்திகளையும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதமும் பதில் வரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நான் பார்த்த பெரும்பாலான கோரிக்கைகள் இப்படி இருக்கும்: "வணக்கம், இணைப்பைப் பார்த்து உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்." காலை எட்டு மணிக்கு வராத ஆசிரியருக்கு மாற்று தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது வீட்டுப்பாடம். எதைப் பார்ப்பது, எப்போதைக்குள், பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று எதுவும் அதில் இல்லை. "கருத்து" என்று கேட்டால் கருத்துதான் வரும்: இந்த வண்ணம் வேண்டாம், இந்த வாக்கியத்தைப் பெரிதாக்குங்கள் என்று. அதே அறிவிப்பை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"பொருள்: ஒப்புதலுக்கு – புத்தகக் கண்காட்சி அறிவிப்பு – வியாழன் மாலை 4 மணிக்குள். மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, இணைப்பில் உள்ள அறிவிப்பு வெள்ளிக்கிழமை பள்ளிச் செயலி வழியே செல்ல வேண்டியது. தாங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. அரங்கம் 14-ஆம் தேதி காலை முதல் நமக்குக் கிடைக்குமா? மூன்றாம் பத்தியில் நூலகரின் பெயரைக் குறிப்பிட்டிருப்பதில் அவருக்குச் சம்மதம் உண்டா? மற்றவை சென்ற ஆண்டு அறிவிப்பில் இருந்தபடியே உள்ளன."

இதற்குக் கைப்பேசியிலேயே நின்றபடி பதில் எழுதிவிடலாம். தலைப்பிலேயே "ஒப்புதலுக்கு" அல்லது "பார்வைக்கு" என்ற சொல் இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவர் ஒரு சொல்லை வெட்டினால் என்ன செய்வது? முதலில் ஏன் என்று கேளுங்கள், அதன்பிறகு தணிக்கை என்று பேசலாம். எங்கள் சங்கம் ஒருமுறை நிதி திரட்டும் மடலில் "பள்ளி நிர்வாகம் குடிநீர்த் தொட்டியைச் சீரமைக்கத் தவறியதால்" என்று எழுதியிருந்தது. தாள் திரும்பி வந்தபோது "தவறியதால்" என்ற சொல்லின் கீழே மட்டும் பென்சில் கோடு. ஒரு வாரம் செயற்குழுவில் கருத்துரிமை பற்றிப் பேசினோம், நன்றாகவே பேசினோம். பிறகு ஒருவர் நேரில் போய்க் கேட்டார். தொட்டிக்கான விண்ணப்பத்தை மூன்று முறை மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. "தவறியதால்" என்ற மடலுக்கு நான் ஒப்புதல் கொடுத்தால், தவறியது நான் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும் என்றார் தலைமை ஆசிரியர். "விண்ணப்பித்தும் இன்னும் நிதி ஒதுக்கப்படாததால்" என்று மாற்றினோம். பழைய வாக்கியத்தைவிட இதுதான் உண்மை. கூர்மையும் குறையவில்லை, குத்து சரியான இடத்தில் விழுந்தது.

ஆனால் உண்மையிலேயே பள்ளியோடு கருத்து மாறுபடும் நாள் வரும். கட்டணம் கூடுகிறது, ஓர் ஆசிரியர் காரணமில்லாமல் மாற்றப்படுகிறார், ஒரு விதி பிள்ளைகளுக்கு ஒவ்வாதது என்று சங்கம் கருதுகிறது. அந்தக் கடிதத்துக்கு ஒப்புதல் கேட்காதீர்கள். கேட்பது அவரையும் சங்கடப்படுத்தும், உங்களையும். பள்ளிச் செயலியில் போடாதீர்கள், சின்னத்தைப் பயன்படுத்தாதீர்கள், எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதாதீர்கள். சங்கத்தின் தாளில், நிர்வாகிகளின் கையொப்பத்தோடு, உங்கள் சொந்தப் பட்டியல் வழியே அனுப்புங்கள். ஒரு நாள் முன்பு அதன் படியை "தங்கள் பார்வைக்கு" என்று எழுதித் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். தகவலில் பிழை இருந்தால் அவர் சொல்வார், திருத்திக்கொள்ளலாம். கருத்து உங்களுடையது, அப்படியே போகும். தம்மைப் பற்றிய கடிதத்தை மற்றவர் கைப்பேசியில் முதன்முதலாகப் பார்க்கும் நிலைக்கு ஒரு தலைமை ஆசிரியரை ஆளாக்கினால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்த வரைவும் மேசையிலிருந்து இறங்காது.

பணமும் அரசியலும் பற்றிச் சுருக்கமாக. பணம் கேட்கும் மடலில் அது விருப்ப நன்கொடை என்பதும், எந்தக் கணக்கில் சேருகிறது என்பதும், எதற்குச் செலவாகும் என்பதும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் என்று எண்ணி யாரும் கட்டிவிடக் கூடாது. தேர்தல் வேட்பாளரையோ கட்சியையோ ஆதரிக்கும் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனமாகப் பதிவான சங்கங்களுக்கு 1954 முதலே வேட்பாளர் ஆதரவுக்குத் தடை உண்டு. இங்கிலாந்தில் பள்ளிகள் ஒருதலைப்பட்ச அரசியல் கருத்தைப் பிள்ளைகளிடம் பரப்புவதை 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தடுக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்னவானாலும், பிள்ளையின் பைக்குள் துண்டறிக்கை வைப்பது யாருக்கும் அழகில்லை.

ஒப்புதல் கிடைத்த பிறகு நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. கையெழுத்தான வரைவில் யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்ப்பார், அல்லது இன்னொரு மொழியில் பெயர்க்கும்போது "வரலாம்" என்பது "வர வேண்டும்" ஆகிவிடும். ஒப்புதல் பெற்ற கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துப் பூட்டி வையுங்கள். தேதி, தொகை, இடம், பெயர் ஆகியவற்றில் எது மாறினாலும் மீண்டும் போகட்டும், எழுத்துப்பிழைத் திருத்தத்துக்குப் போக வேண்டாம். மொழிபெயர்ப்பையும் மூலத்தோடு சேர்த்தே கொடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று தாள்களை எடுத்துச் செல்லுங்கள். முதல் தாள், சென்ற ஓராண்டில் சங்கம் அனுப்பிய எல்லாச் செய்திகளின் பட்டியல். ஒவ்வொன்றின் எதிரிலும் வழி, பெயர், பிள்ளைகள் என்று மூன்று கட்டம் போட்டு, தொட்டதற்குக் குறியிடுங்கள். மூன்று கட்டமும் காலியாக இருக்கும் வரிகள் எத்தனை என்பதை அவர் தம் கண்ணாலேயே எண்ணிக்கொள்ளட்டும். இரண்டாம் தாள், ஒரே பக்கத்தில் எழுதிய உடன்பாட்டு வரைவு: எவை ஒப்புதலுக்கு, எவை பார்வைக்கு, எத்தனை நாள், அவர் இல்லாதபோது யார், அவசரத்துக்கு எந்த எண். அதன் அடியில் இரு கையொப்பத்துக்கும் இடம் விட்டு, "இவ்வுடன்பாடு ஒவ்வோர் ஆண்டும் முதல் செயற்குழுக் கூட்டத்தில் மறுபார்வை செய்யப்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவரும் மாறலாம், நீங்களும் மாறலாம். மூன்றாம் தாள், அடுத்து அனுப்ப வேண்டிய ஒரு உண்மையான அறிவிப்பு. பேச்சு முடியும் தறுவாயில் அதை எடுத்து வைத்து, புதிய முறைப்படி எப்படிப் போகும் என்று இருவரும் சேர்ந்தே பார்த்துவிடுங்கள். புத்தகக் கண்காட்சியைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால் தவிர, நீங்கள் எடுக்க வேண்டாம்.